யாரும் தள்ளாமலே

1957-58 கல்வியாண்டில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்தார். அதில் கணக்கும் இல்லை, வரலாறும் இல்லை. யாரோடு சுற்றுகிறாய்? இந்தப் பள்ளியில் முன்னணிக் கூட்டம் என்றால் யார் யார்? அதில் இடம்பிடிக்க என்ன வேண்டும்? நீ படித்து முடித்துப் போன பிறகு உன்னை எப்படி நினைவில் வைத்திருக்க வேண்டும்: விளையாட்டு வீரன் என்றா, கெட்டிக்கார மாணவன் என்றா, எல்லோருக்கும் பிடித்தவன் என்றா?

விடைகள் 1961இல் புத்தகமாக வந்தன. பையன்களில் அதிகம் பேர் கேட்டது விளையாட்டு வீரன் பட்டத்தை. பெண்களிடம் கெட்டிக்கார மாணவிக்குக் கடைசி இடம்தான். பெற்றோரின் அதிருப்தி, ஆசிரியரின் அதிருப்தி, நட்பு முறிவு இந்த மூன்றில் எதைத் தாங்குவது கஷ்டம் என்றும் கோல்மன் கேட்டிருந்தார். பெற்றோருக்கும் நண்பருக்கும்தான் அங்கே போட்டி. ஆசிரியரைக் குறித்தவர்கள் மிகச் சிலர். கோல்மன் இதற்காகப் பிள்ளைகளைத் திட்டவில்லை. ஒரே வயதுக்காரர்கள் ஆயிரம் பேரை நாள் முழுவதும் ஒரே கட்டடத்தில் வைத்தால் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சமுதாயத்தைக் கட்டிக்கொள்வார்கள், அதில் யாருக்கு என்ன மதிப்பு என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள் என்றார்.

ஆனால் எனக்கு அந்தப் புத்தகத்தின் முடிவுகளைவிட, அதற்காகச் சேகரித்த பெயர்ப் பட்டியல்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஒவ்வொரு பிள்ளையும் எழுதிக் கொடுத்த நண்பர்களின் பெயர்களைக் கோடு போட்டு இணைத்தால் பள்ளியின் நட்பு வரைபடம் கிடைத்துவிடும். முப்பது ஆண்டுகள் கழித்து ஸ்காட் ஃபெல்ட் என்ற இன்னொரு சமூகவியலாளர் அந்தப் பட்டியல்களைத் தூசி தட்டி எடுத்தார். கோல்மன் ‘மார்க்கெட்வில்’ என்று மாற்றுப்பெயர் சூட்டியிருந்த ஊரின் பெண்களை எடுத்துக்கொண்டு, சாதாரணக் கூட்டல் வகுத்தல் செய்தார். 1991இல் வெளியான அவருடைய கட்டுரை, பள்ளிக்கூடத்து ‘செட்’ விவகாரங்களைப் பற்றி நான் படித்தவற்றிலேயே மிகக் கூர்மையானது. அதில் அறிவுரை ஒரு வரிகூட இல்லை.

ஃபெல்ட் உதாரணமாகக் காட்டுவது எட்டுப் பெண்களை. பெயர்கள் மாற்றப்பட்டவை. பெட்டிக்கு ஒரே ஒரு தோழி, சூ. சூவுக்கு நான்கு பேர்: பெட்டி, ஆலிஸ், பேம், டேல். ஆலிஸுக்கும் நான்கு: சூ, பேம், டேல், ஜேன். பேமுக்கு மூன்று, டேலுக்கு மூன்று, ஜேனுக்கு இரண்டு. பேமின் இன்னொரு தோழி கரோல்; கரோலைத் தவிர டீனாவுக்கு வேறு யாரும் இல்லை. மொத்தம் கூட்டினால் இருபது வரும். எட்டால் வகுத்தால் ஆளுக்குச் சராசரி இரண்டரைத் தோழிகள்.

இப்போது ஒவ்வொருத்தியும் தன் தோழிகளைத் திரும்பிப் பார்க்கட்டும். பெட்டியின் ஒரே தோழிக்கு நான்கு தோழிகள். ஜேனின் தோழிகளுக்குச் சராசரி மூன்றரை. பேமுக்கு மூன்று தோழிகள் இருந்தும், அவளுடைய தோழிகளின் சராசரி அதையும் தாண்டுகிறது. டேலுக்கும் அதே கதி. டீனாவுக்கு ஒன்று, அவள் தோழி கரோலுக்கு இரண்டு. ஆக எட்டுப் பேரில் ஐந்து பேர், ‘என்னைவிட என் தோழிகளுக்குத்தான் தோழிகள் அதிகம்’ என்ற நிலையில் இருக்கிறார்கள். கரோல் சமம். மேலே நிற்பது சூவும் ஆலிஸும் மட்டும். இந்த எட்டுப் பேரில் யாரும் யாரையும் ஒதுக்கவில்லை, முதுகுக்குப் பின்னால் பேசவில்லை, டூ விடவில்லை. ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ குறைபட்டு நிற்பதுபோல உணர இடம் இருக்கிறது.

காரணம் எளிமையானது. நான்கு தோழிகள் உள்ள சூவை நான்கு பேர் பார்க்கிறார்கள், நான்கு பேரின் கணக்கில் அவள் ஏறுகிறாள். டீனாவைப் பார்ப்பது ஒருத்திதான். பலரோடு பழகுகிறவர்கள் பலருடைய கண்ணில் படுகிறார்கள். தனித்திருப்பவர்கள் அதிகம் பேர் கண்ணில் படுவதில்லை. எனவே யார் கண்ணுக்கும் ஊர் சரியான விகிதத்தில் தெரிவதில்லை. 2011இல் ஃபேஸ்புக்கின் 72.1 கோடிப் பயனர்களை ஆராய்ந்தபோதும் இதுவே வந்தது. அங்கே ஒருவருக்குச் சராசரி 190 நண்பர்கள். ஆனால் அந்த நண்பர்களுக்கோ சராசரி 635.

நண்பர்களின் எண்ணிக்கையோடு இது நிற்பதில்லை. கூட்டத்தின் நடுவில் இருக்கிறவர்களிடம் எந்தப் பழக்கம் அதிகமோ அந்தப் பழக்கம் எல்லோரிடமும் இருப்பதுபோலத் தோன்றும். நடுவில் இருக்கும் நான்கு பேர் புது மாடல் ஷூ போட்டால், நாற்பது பேர் வகுப்பில் அவர்கள் பத்து சதவீதம்தான். ஆனால் அந்த நான்கு பேரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். வீட்டுக்கு வந்து ‘எல்லாரும் வெச்சிருக்காங்கம்மா’ என்று பிள்ளை சொல்லும்போது அது பொய் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொல்கிறது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பிரென்டிஸும் டேல் மில்லரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பார்வைக் கோளாற்றின் இன்னொரு முகத்தைக் காட்டியது. வளாகத்தில் நடக்கும் குடியைப் பற்றி மாணவர்களிடம் தனித்தனியாகக் கேட்டார்கள். தனக்கு இதில் அவ்வளவு உடன்பாடில்லை, ஆனால் மற்றவர்களுக்கு இது சகஜம் என்று சராசரி மாணவர் நினைத்தார். பக்கத்து அறைக்காரரும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரும் தன் தயக்கத்தை மறைத்து, அடுத்தவரின் நடிப்பை நிஜம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

‘அவன் கிணத்துல குதிச்சா நீயும் குதிப்பியா?’ என்று கேட்காத பெற்றோர் இல்லை. அந்தக் கேள்விக்குள் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. யாரோ ஒருவன் கையைப் பிடித்து இழுக்கிறான், நம் பிள்ளைக்கு உதறிவிட்டு வரத் தெம்பில்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. சேர்க்கை சரியில்லை, சகவாச தோஷம் என்று நாம் சொல்வதெல்லாம் இதே கணக்குதான். டெனிஸ் காண்டல் என்ற சமூகவியலாளர் 1978இல் நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி நண்பர்களை வைத்து இதை அளந்து பார்த்தார். ஒரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே பிள்ளைகளை விசாரித்ததால், யார் புதிதாக நண்பரானார்கள், யார் பிரிந்தார்கள், யார் மாறினார்கள் என்று பிரித்தெடுக்க முடிந்தது. கஞ்சாப் பழக்கம் போன்றவற்றில் நண்பர்களுக்குள் இருந்த ஒற்றுமையில் ஏறக்குறைய பாதி, நட்பு தொடங்கும் முன்பே இருந்தது. தன்னைப் போன்றவனைத் தேடித்தான் ஒருவன் சேர்கிறான். சேர்ந்த பிறகு இருவரும் இன்னும் ஒன்றாகிறார்கள். ‘கெடுத்தவன்’ வீட்டிலும் ஒரு அம்மா இதே வசனத்தைத்தான் பேசிக்கொண்டிருப்பார்.

வரைபடத்தில் கோடுகள் மட்டும்தான் தெரியும். அந்தக் கோடுகள் வராந்தாவில் எப்படி நடமாடுகின்றன என்று பார்க்க பெனலபி எக்கர்ட் 1980களின் தொடக்கத்தில் டெட்ராய்ட் புறநகர்ப் பள்ளி ஒன்றில் தங்கி ஆராய்ந்தார். மொழியியலாளரான அவர் வகுப்பறைக்குள் போகவில்லை. வராந்தா, உணவகம், முற்றம் என்று பிள்ளைகள் கூடும் இடங்களில் திரிந்தார். அங்கே இரண்டு துருவங்கள் இருந்தன. விளையாட்டு, மாணவர் மன்றம் என்று பள்ளியின் காரியங்களை எடுத்துச் செய்கிற ‘ஜாக்’குகள் ஒருபுறம். பள்ளியை மதிக்காமல், முற்றத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டு, டெட்ராய்ட் நகரத்தின் பக்கமே கண் வைத்திருக்கிற ‘பர்ன்அவுட்’டுகள் மறுபுறம். முன்னவர்கள் பெரும்பாலும் நடுத்தர வர்க்கம், பின்னவர்கள் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.

எக்கர்ட் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது, ஜீன்ஸ் காலின் அகலத்தைக் கவனித்தது. பெல்பாட்டம் மவுசு போய்க்கொண்டிருந்த நேரம் அது. முற்றத்தில் நின்ற பர்ன்அவுட்டுகளின் ஜீன்ஸ் கால்கள் அகலமாக விரிந்திருந்தன. ஜாக்குகள் கூடும் இடத்தில் குறுகிவிட்டிருந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட இடங்களில் நின்றவர்களின் கால்கள் இடைப்பட்ட அகலத்தில் இருந்தன. ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நடந்தால் துணி படிப்படியாகக் குறுகிக்கொண்டே வரும். உயிரெழுத்துகளை உச்சரிப்பதிலும் இப்படியே படிகள் இருந்ததை அவர் பதிவு செய்தார். தன் வாய் எந்தக் கூட்டத்தின் பக்கம் சாய்கிறது என்று அந்தப் பிள்ளைகள் யாரும் யோசித்துப் பேசியிருக்க மாட்டார்கள். பெரும்பாலான மாணவர்கள், தாங்கள் இரண்டு கூட்டத்திலும் சேராத இடைப்பட்டவர்கள் என்றுதான் சொன்னார்கள். ஆனால் எதற்கும் எதற்கும் இடையில் என்பதை அந்த இரண்டு கூட்டங்கள்தான் தீர்மானித்தன.

சீருடை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று நம்மூரில் சொல்வதுண்டு. ஓரளவுக்கு உண்மை. ஆனால் சீருடைக்கு வெளியே மணிக்கட்டு இருக்கிறது. தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டி வருவதைத் தடுக்கத் தமிழகப் பள்ளிக் கல்வித் துறை 2019இல் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையும் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு போன்ற அடையாளங்களைத் தடை செய்யச் சொன்னது. இதை வெறும் ‘செட்’ தகராறு என்று நான் சொல்ல மாட்டேன். ஜீன்ஸை மாற்றினால் கூட்டம் மாறலாம். பிறப்பில் வரும் கூட்டத்திலிருந்து அப்படி வெளியேற வழியில்லை. ஆனால் எந்தப் பெரிய பிளவும் பள்ளிக்குள் நுழையும்போது கயிறு, சட்டைக் காலர், யார் பக்கத்தில் யார் உட்காருவது போன்ற சின்னச் சின்ன அடையாளங்களாகத்தான் நுழைகிறது.

ஏன் இந்த வயதில் மட்டும் இப்படி? பார்வைக் கோளாறு நாற்பது வயதுக்காரருக்கும் உண்டே. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த 8 முதல் 59 வயது வரையிலான 563 பேரை வைத்து லிசா நோல், சாரா-ஜெய்ன் பிளேக்மோர் குழு 2015இல் வெளியிட்ட சோதனை ஒரு விடை தருகிறது. சிவப்பு விளக்கு எரியும்போது சாலையைக் கடப்பது போன்ற காரியங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்று மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு, ‘பெரியவர்கள் இப்படி மதிப்பிட்டார்கள்’ அல்லது ‘பதின்வயதினர் இப்படி மதிப்பிட்டார்கள்’ என்று ஓர் எண்ணைக் காட்டி, மறுபடி மதிப்பிடச் சொன்னார்கள். காட்டிய எண்கள் கணினி இஷ்டத்துக்குப் போட்டவை. எல்லா வயதினரும் தங்கள் விடையைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். சிறு பிள்ளைகளும் வளர்ந்தவர்களும் பெரியவர்களின் பெயரால் வந்த எண்ணுக்குத்தான் அதிகம் நகர்ந்தார்கள். 12 முதல் 14 வயதுக்காரர்கள் மட்டும் பதின்வயதினர் பெயரால் வந்த எண்ணுக்கு அதிகம் நகர்ந்தார்கள். ஏழாம், எட்டாம், ஒன்பதாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் குழு செய்தது இன்னும் சுவாரசியம். மூளை ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி கார் ஓட்டும் விளையாட்டு. வழியெங்கும் சந்திப்புகள், மஞ்சள் விளக்குகள். நின்றால் சில நொடி நஷ்டம், நிற்காமல் போய் மோதினால் அதைவிட நஷ்டம், சீக்கிரம் முடித்தால் பணம். தனியாக ஆடும்போது பதின்வயதினரும் வளர்ந்தவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஓட்டினார்கள். கூட வந்த நண்பர்கள் பக்கத்து அறைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பதின்வயதினர் நிற்காமல் போவதும் மோதுவதும் கூடின; வளர்ந்தவர்களிடம் மாற்றமில்லை. நண்பர்கள் யாரும் ‘போடா போடா’ என்று கத்தவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். மூளையில் வெகுமதியை எதிர்பார்க்கும்போது விழிக்கும் பகுதிகள் அப்போது கூடுதலாக விழித்தன. ஆபத்து புரியாததால் அவர்கள் இப்படிச் செய்யவில்லை. நண்பன் பார்க்கிறான் என்பதே காரியத்துக்கு ருசி கூட்டிவிடுகிறது.

மனிதர்களுக்குள்தான் கௌரவம், கிண்டல், பட்டப்பெயர் எல்லாம் என்று நினைக்கிறவர்களுக்காக அதே குழு எலிகளையும் சோதித்தது. இளம் எலிகள் தங்கள் வயது எலிகளோடு இருக்கும்போது, தனியாக இருப்பதைவிட அதிகம் மது குடித்தன. வளர்ந்த எலிகள் அப்படிச் செய்யவில்லை.

சேர்வதற்கு இவ்வளவு ருசி என்றால் விலக்கப்படுவது என்ன செய்யும்? கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருநாள் நாயோடு பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, இரண்டு பேர் வீசி ஆடிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் தட்டு அவர் பக்கம் உருண்டு வந்தது. எடுத்து வீசினார். அவர்கள் திருப்பி அவருக்கு வீசினார்கள். சில முறை மூவரும் ஆடினார்கள். பிறகு அவர்கள் அவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர். ஆனாலும் அவருக்கு முகம் சுண்டிப்போனது. அந்த அனுபவம் பிறகு ‘சைபர்பால்’ என்ற கணினி விளையாட்டாக ஆய்வகங்களுக்குப் போனது: திரையில் மூன்று பேர் பந்து எறிவார்கள், கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு மட்டும் பந்து வராது. எறிவது கணினிதான் என்று முன்கூட்டியே சொன்னாலும் மனம் வாடுகிறது. எதிரில் ஆடுவது தாங்கள் வெறுக்கும் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் என்று ஆஸ்திரேலிய மாணவர்களிடம் சொன்னபோதும், பந்து வராதது உறுத்தத்தான் செய்தது. பிளேக்மோர் குழு வளரிளம் பெண்களை இதில் ஆட வைத்தபோது, வளர்ந்த பெண்களைவிட அவர்கள் மனநிலை அதிகம் சரிந்தது.

2003இல் நயோமி ஐசன்பெர்கர் இதை ஸ்கேன் கருவிக்குள் செய்து, உடல் வலியில் விழிக்கும் மூளைப் பகுதி ஒன்று இதிலும் விழிக்கிறது என்று எழுதினார். உடனே ‘ஒதுக்கப்படுவதும் அடிபடுவதும் மூளைக்கு ஒன்றே’ என்று பத்திரிகைகள் முழங்கின. அதை அவ்வளவு தூரம் இழுக்கக் கூடாது என்பது என் கருத்து. அந்தச் சோதனையில் இருந்தவர்கள் 13 பேர். அந்தப் பகுதி வேறு பல வேலைகளின்போதும் விழிக்கும். இரண்டு வலிக்கும் மூளையில் தனித்தனிக் கோலங்கள் உண்டு என்று 2014இல் வேறொரு குழு காட்டியது. மதிய உணவு நேரத்தில் ‘இங்க இடம் இல்ல’ என்ற பதிலைக் கேட்ட பிள்ளைக்கு வலிக்கிறது என்று நம்ப ஸ்கேன் படம் எதற்கு?

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு வில்லன் வருவான். பள்ளியில் அடாவடி செய்பவர்கள் யார்? வீட்டில் அன்பு கிடைக்காத, ஓரத்தில் கிடக்கும் பிள்ளைகள் என்று பொதுவாக நினைக்கிறோம். வட கரோலினா மாணவர்களின் நட்பு வரைபடங்களை வைத்து ராபர்ட் ஃபாரிஸும் டயான் ஃபெல்ம்லீயும் 2011இல் காட்டியது வேறு. வரைபடத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போகப் போக அடாவடி கூடுகிறது. உச்சியில் இருக்கும் இரண்டு சதவீதத்தினரிடம்தான் சட்டென்று குறைகிறது. அவர்களுக்கு இனி ஏற வேண்டிய படி இல்லை. ஏணியின் உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒரு கை மேலே எட்டிப் பிடித்தபடி, ஒரு கால் கீழே மிதித்தபடி இருப்பவர்கள்தான் அதிகம் காயப்படுத்துகிறார்கள். வதந்தி, ஒதுக்கல், வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குவது எல்லாம் ஏறுவதற்கான கருவிகள். எனவே ‘உனக்கு மனசாட்சி இல்லையா’ என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது அதிகம் பலிப்பதில்லை. மனசாட்சி இருக்கிறது, ஆனால் ஏணியும் அங்கேயே இருக்கிறது.

ஏணியின் உயரம் பள்ளிக்குப் பள்ளி மாறும். டேனியல் மெக்ஃபார்லண்ட் குழுவின் 2014 ஆய்வின்படி, யாரோடு படிப்பது, எந்தப் பாடம் எடுப்பது என்ற தேர்வுச் சுதந்திரம் கூடிய பெரிய பள்ளிகளில் பிள்ளைகள் தங்களைப் போன்றவர்களோடு மட்டும் சேர்ந்து, மேல் கீழ் என்று அடுக்கிக்கொள்வது அதிகம். சிறிய பள்ளிகளில், பெரியவர்கள் பிள்ளைகளைக் கலந்து உட்கார வைத்துச் சேர்ந்து வேலை செய்ய வைக்கும் இடங்களில் அது குறைவு. பள்ளி திறந்ததும் ஆசிரியர் இடம் மாற்றி உட்கார வைக்கும்போது கேட்கும் முனகலுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

சரி, கோல்மனின் பெயர்ப் பட்டியலைக் கொண்டு ஏதாவது உருப்படியாகச் செய்ய முடியுமா? எலிசபெத் பாலக், ஹானா ஷெப்பர்ட், பீட்டர் அரோனோ மூவரும் 2012-13இல் நியூ ஜெர்சியின் 56 நடுநிலைப் பள்ளிகளில், 24,191 மாணவர்களை வைத்து முயன்றார்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும், பள்ளிக்குள்ளும் வெளியிலும் யார் யாரோடு நேரம் கழிக்கிறாய், பத்துப் பேர் வரை எழுது என்றார்கள். யார் பெயர் அதிகம் வந்ததோ அவர்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். முதல் மதிப்பெண்காரர், வகுப்புத் தலைவர் என்று ஆசிரியரிடம் கேட்டு எடுக்கவில்லை. பிறகு பாதிப் பள்ளிகளில், 20 முதல் 32 பேர் வரை கொண்ட ஒரு சிறு குழுவைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பயிற்சியாளர் வந்து, உங்கள் பள்ளியில் என்ன மாதிரிச் சண்டைகள் நடக்கின்றன என்று அவர்களிடமே கேட்டார். நல்லவர்களாக இருங்கள் என்று யாரும் பாடம் நடத்தவில்லை. தங்கள் படம் போட்ட சுவரொட்டிகளை அவர்களே தயாரித்தார்கள். யாராவது சண்டையை விலக்கினால், ஒதுக்கப்பட்டவரோடு போய் உட்கார்ந்தால், ஓர் ஆரஞ்சு நிறக் கைப்பட்டையைக் கொடுத்தார்கள்.

ஆண்டின் முடிவில் அந்தப் பள்ளிகளில் சண்டை சச்சரவுக்காகப் பதிவான ஒழுங்கு நடவடிக்கைகள், மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட 30 சதவீதம் குறைந்திருந்தன. குலுக்கல் என்பதால் சில பள்ளிகளின் குழுவில், பலருடைய பட்டியலில் இடம்பெற்றவர்கள் தற்செயலாக அதிகம் விழுந்திருந்தார்கள், சிலவற்றில் குறைவாக. சுவரொட்டி, கைப்பட்டை, பயிற்சி எல்லாம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் அப்படிப்பட்டவர்கள் அதிகம் விழுந்த பள்ளிகளில்தான் பலன் பெரிதாகத் தெரிந்தது. பள்ளியில் எது சகஜம் என்பதை மற்றப் பிள்ளைகள் யாரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்களோ, அவர்கள் கையில் அந்த ஆரஞ்சுப் பட்டை இருந்தது.

இதைத் தங்கள் வகுப்பில் செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியருக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். தாள்களை வாங்கியதும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். யார் பெயர் எத்தனை முறை வந்தது என்ற கணக்கு வகுப்புக்குக் கசிந்தால், சூவும் டீனாவும் அடுத்த நாள் காலையில் வேறு பள்ளிக்கு வருவார்கள்.